வெம்ப்ளி ஞாயிறா, செவ்வாய்க்கிழமை மூன்று புள்ளியா?

இங்கிலாந்து கால்பந்தில் லீக் ஒன், லீக் டூ என்று இரண்டு டிவிஷன்கள் உண்டு. பெயரில் ஒன்று, இரண்டு என்று இருந்தாலும் வரிசையில் அவை மூன்றாவதும் நான்காவதும். இந்த 48 கிளப்புகளுக்கென்றே நடக்கும் கோப்பை இ.எஃப்.எல். (இங்கிலிஷ் ஃபுட்பால் லீக்) டிராஃபி. 1983-84 சீசனில் தொடங்கியது. ஸ்பான்சர் மாறும்போதெல்லாம் பெயரும் மாறும்: வேன் கம்பெனி, பெயிண்ட் கம்பெனி, பீட்சா கடை, கார் வியாபாரி என்று எல்லார் பெயரையும் அதன்மேல் ஒட்டியாகிவிட்டது. செப்டம்பரில் கேட்டால் ரசிகர்களே இதைக் கேலியாக ‘மிக்கி மவுஸ் கப்’ என்பார்கள். அரையிறுதியில் ஜெயித்த இரவோடு அந்தப் பேச்சு நின்றுபோகும். ஃபைனல் நடப்பது லண்டனின் பெரிய மைதானமான வெம்ப்ளியில்.

அந்த ஃபைனல் பெரும்பாலும் மார்ச் கடைசியிலோ ஏப்ரல் முதல் பாதியிலோ வரும். 46 ஆட்ட லீக் முடிவை நோக்கி ஓடிக்கொண்டிருக்கும் நேரமும் அதுதான். மேல் டிவிஷனுக்கு ஏற வாய்ப்புள்ள கிளப் ஃபைனலுக்கும் போய்விட்டால், பப்பிலும் ரயிலிலும் ஒரே கேள்விதான்: ஒன்றுதான் கிடைக்கும் என்றால் உனக்கு எது வேண்டும்?

கேள்வியைக் கேட்கும் விதத்திலேயே கோளாறு இருக்கிறது. கோப்பையைக் கொடுத்துப் புரமோஷனை வாங்க முடியாது. இரண்டையும் தட்டில் வைத்து யாரும் நீட்டுவதும் இல்லை. உண்மையில் கைமாறுவது வீரர்களின் காலில் உள்ள தெம்பும் காலண்டரில் உள்ள தேதிகளும்தான். எந்த இடத்தில் நிற்கும் அணிக்கு அந்தப் பேரம் கட்டுப்படியாகும் என்று பார்ப்பதே சரியான ஒப்பீடு.

முதலில் காசு. இ.எஃப்.எல். தன் பொது வருமானத்தைப் பிரிக்கும் வழக்கமான விகிதம் 80:12:8. லீக் ஒன்னுக்கு மேலே உள்ள இரண்டாம் டிவிஷனான சாம்பியன்ஷிப்புக்கு 80, லீக் ஒன்னுக்கு 12, லீக் டூவுக்கு 8. மூன்றிலும் தலா 24 கிளப். ஆக, லீக் டூவிலிருந்து லீக் ஒன்னுக்கு ஏறினால் இந்தப் பங்கு ஒன்றரை மடங்காகிறது. லீக் ஒன்னிலிருந்து சாம்பியன்ஷிப்புக்கு ஏறினால் ஆறரை மடங்குக்கு மேல். இரண்டையும் ‘புரமோஷன்’ என்ற ஒரே சொல்லால் குறிப்பதுதான் பாதி வாக்குவாதத்துக்குக் காரணம். கோப்பைப் பரிசோடு வெம்ப்ளி வசூல் பங்கையும் சேர்த்தால் லீக் டூ கிளப்புக்கு அது நல்ல தொகை. சாம்பியன்ஷிப் வாசலில் நிற்கும் கிளப்புக்குச் சில்லறை. எனவே லீக் டூ ரசிகர் ‘எனக்குக் கோப்பைதான்’ என்று சொன்னால் அதில் அசட்டுத்தனம் எதுவும் இல்லை.

ஏறுவதற்கும் செலவு உண்டு. 2021-ல் லீக் டூவுக்குக் கீழே உள்ள நேஷனல் லீக்கை வென்று முதல்முறையாக லீக் டூவுக்கு வந்த சட்டன் யுனைடெட், தன் செயற்கைத் தரையைப் பெயர்த்துவிட்டுப் புல் போடவேண்டி வந்தது, இ.எஃப்.எல். விதி அப்படி.

அடுத்தது வாய்ப்புக் கணக்கு. லீக் ஒன்னில் முதல் இரண்டு இடங்கள் நேரடியாக ஏறும். 3 முதல் 6 வரை பிளே-ஆஃப். லீக் டூவில் முதல் மூன்று நேரடி. 4 முதல் 7 வரை பிளே-ஆஃப். பிளே-ஆஃபில் நான்கு அணிக்கு ஒரே ஒரு இடம். பலத்தை ஒதுக்கிவிட்டுத் தோராயமாகப் பார்த்தால் நாலில் ஒன்று. கோப்பை ஃபைனல் இரண்டில் ஒன்று. லீக் ஒன்னில் ஏழாவது இடத்தில் இருக்கிறீர்கள், ஆறுக்குள் நுழையப் பாதி வாய்ப்பு என்று வைத்தால் மேலேறும் வாய்ப்பு எட்டில் ஒன்று. நேரே இரண்டாம் இடத்தில் இருப்பவருக்குக் கதை வேறு: ஒரு புள்ளி வழுக்கி மூன்றாம் இடத்துக்கு இறங்கினால் உறுதியாகக் கையில் இருந்தது அந்த நாலில் ஒன்றாகச் சுருங்குகிறது.

ஒரே புள்ளிக்கு அட்டவணையின் எல்லா இடத்திலும் ஒரே விலை இல்லை. லீக் ஒன்னில் 2-க்கும் 3-க்கும் நடுவே அது தங்கம். 6-க்கும் 7-க்கும் நடுவே வெள்ளி. நான்காவது இடத்தில், மேலே பத்துப் புள்ளி, கீழே பத்துப் புள்ளி இடைவெளியோடு நிற்கும் அணிக்கு அது ஏறக்குறைய செல்லாக்காசு. அப்படிப்பட்ட அணியின் ரசிகர் கோப்பையைப் பற்றிக் குற்ற உணர்வு கொள்ளவே வேண்டாம்.

இதைக் கண்முன்னே காட்டியது 2022 ஏப்ரல் 3-ல் நடந்த ஃபைனல். லீக் ஒன்னில் முன்னணியில் இருந்த ராதரம் ஒரு பக்கம், லீக் டூவில் முதல் சீசன் ஆடும் சட்டன் மறுபக்கம். 2-1 என்று சட்டன் முன்னிலை. 90 நிமிடம் முடிந்து, நடுவர் சேர்த்துத் தரும் கூடுதல் நேரம் ஐந்து நிமிடத்தைத் தாண்டி ஆறாவது ஓடிக்கொண்டிருக்கிறது. சட்டன் ரசிகர்கள் இருக்கையில் உட்காரவில்லை. ஜோர்டி ஓசே-டூட்டு சமன் செய்தார். எக்ஸ்ட்ரா டைமில் ராதரம் இன்னும் இரண்டு போட்டு 4-2 என்று முடித்தது.

லீக் முடிவைப் பாருங்கள். ராதரம் 90 புள்ளியோடு இரண்டாமிடம். கடைசி நாளில் கில்லிங்கத்தை 2-0 என்று வென்றுதான் நேரடியாக ஏறியது. மூன்றாமிடத்தில் எம்.கே. டான்ஸ், 89. ஒரு புள்ளி. எம்.கே. டான்ஸ் பிளே-ஆஃப் அரையிறுதியில் வைகம்பிடம் தோற்று அங்கேயே தங்கியது. லீக் டூவில் சட்டன் 76 புள்ளியோடு எட்டாமிடம். ஏழாமிடத்து மேன்ஸ்ஃபீல்டுக்கு 77. அங்கும் ஒரு புள்ளி. அந்த ஒன்றைத் தின்றது வெம்ப்ளிதான் என்று சத்தியம் செய்ய முடியாது; 46 ஆட்டத்தில் எந்தக் கோல் கம்பியில் பட்ட பந்தையும் காரணமாகக் காட்டலாம். ஆனால் சின்ன ஸ்குவாடை வைத்துக்கொண்டு ஏப்ரலில் 120 நிமிடம் ஓடிய அணிக்கு அது இலவசமாகக் கிடைத்த ஞாயிறு இல்லை.

அதே சட்டன் 2024-ல் நேஷனல் லீக்குக்கே திரும்பிவிட்டது. இன்று அந்த ஊர்க்காரரிடம் ‘அந்த ஒரு புள்ளியா, அந்த வெம்ப்ளி நாளா?’ என்று கேட்டால் பலரும் இரண்டாவதைச் சொல்வார்கள் என்பது என் ஊகம். ராதரமும் 2017 முதல் 2022 வரை ஓர் ஆண்டு இறங்குவது, மறு ஆண்டு ஏறுவது என்று ஆறு வருடம் படிக்கட்டிலேயே குடியிருந்தது. ஏறியது இறங்கிவிடும், அலமாரியில் வைத்த கோப்பையை யாரும் திரும்பக் கேட்பதில்லை.

‘கோப்பை ஓட்டம் லீக்கைக் கெடுத்துவிடும்’ என்ற நம்பிக்கைக்கு ஆதாரமாக எப்போதும் காட்டப்படுவது 2019. மார்ச் 31 ஃபைனல், லீக் ஒன்னின் போர்ட்ஸ்மத்–சண்டர்லாந்து, 85,021 பேர். இந்தக் கோப்பையின் வரலாற்றிலேயே பெரிய கூட்டம். 119-வது நிமிடத்தில் எய்டன் மெக்கீடி 2-2 ஆக்கினார். பெனால்டியில் லீ காட்டர்மோலின் அடியைப் போர்ட்ஸ்மத் கோல்கீப்பர் மெக்கில்லிவ்ரே தடுத்தார், போர்ட்ஸ்மத் 5-4. சீசன் முடிவில் போர்ட்ஸ்மத் நான்காமிடம், சண்டர்லாந்து ஐந்தாமிடம். பிளே-ஆஃப் அரையிறுதியில் இருவரும் மோதி, ஃபைனலுக்குப் போன சண்டர்லாந்து சார்ல்டனிடம் கடைசி நிமிட கோலில் விழுந்தது. இரு கிளப்பும் ஏறவில்லை.

கொஞ்சம் நெருங்கிப் பார்த்தால் கோப்பையின் மீது முழுப் பழியும் நிற்காது. போர்ட்ஸ்மத் புத்தாண்டில் அட்டவணையின் உச்சியில் இருந்தது; சறுக்கியது ஜனவரி, பிப்ரவரியில். வெம்ப்ளி அதற்குப் பிறகுதான் வந்தது. சண்டர்லாந்து அந்த சீசனில் தோற்றது ஐந்தே லீக் ஆட்டம். ஆனால் 19 டிரா. வென்றிருக்க வேண்டிய ஆட்டங்களை ஆகஸ்ட்டிலிருந்தே டிரா செய்து வந்த அணி அது. கோப்பைக்குப் பங்கு உண்டு, ஆனால் அது வேறு வழியாக வந்தது: ஒத்திவைத்த ஆட்டங்கள். ஃபைனலுக்குப் பின் மே 4-க்குள், ஐந்து வாரத்தில், ஒன்பது லீக் ஆட்டம். முதல் வாரம் தாங்கியது. பிறகு ஏப்ரல் 13-ல் கவன்ட்ரியிடம் சொந்த மைதானத்தில் 4-5. கடைசி இரண்டு ஆட்டங்களில், ஃப்ளீட்வுட்டிடமும் சவுத்எண்டிடமும், வரிசையாகத் தோல்வி. காலில் எதுவும் மிச்சமில்லாத அணியின் அட்டவணை இப்படித்தான் இருக்கும்.

இங்கேதான் ரசிகர்கள் ஏமாறும் இடம் ஒன்று உண்டு. ‘நமக்கு ரெண்டு மேட்ச் கையில இருக்கு’ என்று மார்ச்சில் நெஞ்சை நிமிர்த்திச் சொல்வார்கள். கையில் உள்ள ஆட்டம் புள்ளி ஆகாது. அது ஏப்ரல் செவ்வாய்க்கிழமை இரவு, இரண்டு நாளைக்கு முன் 120 நிமிடம் ஓடிய பதினொரு பேர், தூரத்து ஊரில் ஆடவேண்டிய வேலை. 2-3 எல்லைக்கோட்டில் நிற்கும்போது ஏற்கெனவே சேர்ந்துவிட்ட புள்ளிதான் மதிப்பு.

மறுபுறம், கோப்பையே சீசனைத் தூக்கி நிறுத்திய கதைகளும் உண்டு. 2015 டிசம்பர் தொடக்கத்தில் லீக் ஒன்னின் அடியில் கிடந்த பார்ன்ஸ்லி, 2016 ஏப்ரலில் ஆக்ஸ்ஃபோர்டை 3-2 என்று வென்று இந்தக் கோப்பையை எடுத்தது, ஆறாமிடம் பிடித்தது, மே மாதம் அதே வெம்ப்ளியில் மில்வாலை 3-1 வீழ்த்தி ஏறியது. தோற்ற ஆக்ஸ்ஃபோர்டும் லீக் டூவிலிருந்து நேரடியாக ஏறிவிட்டது. பிரிஸ்டல் சிட்டி 2015-ல் கோப்பை, லீக் ஒன் பட்டம் இரண்டையும் எடுத்தது. 2023-ல் பிளிமத் ஃபைனலில் போல்டனிடம் 4-0 என்று நொறுங்கி, 101 புள்ளியோடு சாம்பியன் ஆனது. கோப்பையைத் தூக்கிய போல்டன் பிளே-ஆஃப் அரையிறுதியில் வெளியே போனது. எனக்கு மிகவும் பிடித்தது 2009. முப்பது புள்ளி அபராதத்தோடு சீசனைத் தொடங்கிய லூடன், எக்ஸ்ட்ரா டைமில் ஸ்கந்தார்ப்பை 3-2 என்று வென்றது. அந்த சீசனிலேயே லூடன் ஃபுட்பால் லீக்கை விட்டே வெளியேறியது. தோற்ற ஸ்கந்தார்ப் அடுத்த மாதம் வெம்ப்ளிக்குத் திரும்பி வந்து சாம்பியன்ஷிப்புக்கு ஏறியது. இதில் எந்தச் சூத்திரத்தைக் கண்டுபிடிப்பது?

முடிவெடுக்க வேண்டிய மாதம் ஏப்ரல் இல்லை, ஜனவரி, பிப்ரவரி. வெம்ப்ளி வரை வந்தபின் இரண்டாம்தர அணியை இறக்கும் மேனேஜர் கிடையாது. அரையிறுதி, காலிறுதியிலோ அதற்கு முன்போதான் விட்டுக்கொடுக்கவோ பிடித்துக்கொள்ளவோ முடியும். ஃபைனலுக்குப் போக ஏழு ஆட்டம்: குரூப்பில் மூன்று, பிறகு நாக்-அவுட் நான்கு. ஃபைனலோடு எட்டு. 46 லீக், 8 டிராஃபி, மற்ற இரண்டு கோப்பைகளான எஃப்.ஏ. கப், லீக் கப் குறைந்தது தலா ஒன்று என்றால் 56. இருபது பேர் ஸ்குவாடுக்கு இது கனமான மூட்டை. நல்ல செய்தி, ஃபைனலுக்கு முன்பான நாக்-அவுட்டில் எக்ஸ்ட்ரா டைம் கிடையாது. 90 நிமிடம் சமன் என்றால் நேரே பெனால்டி.

முழு அணியும் ரிசர்வ் என்று இறக்க விதி விடாது. முதல் அணிக்காரர்கள் என்று தகுதிபெறும் வீரர்கள் குறிப்பிட்ட எண்ணிக்கையில் தொடக்கத்தில் இருக்க வேண்டும், மீறினால் அபராதம். 2016-ல் பிராட்ஃபோர்ட் சிட்டி இதற்குக் கண்டுபிடித்த வழி அழகு: வழக்கமான கோல்கீப்பர் காலின் டாய்லைத் தொடக்கத்தில் இறக்கி மூன்றாவது நிமிடத்தில் வெளியே எடுத்துவிட்டார்கள். கணக்கு சரி!

அந்த வாரங்களில் ஒரு ரசிகர் கவனிக்க வேண்டியவை: சென்டர் மிட்ஃபீல்டில் மாற்றாக இறக்கத்தக்க மூன்றாவது, நான்காவது ஆள் இருக்கிறாரா? ஓரத்தில் மேலும் கீழும் ஓடும் விங்-பேக் வைத்து ஆடும் அணியா? அப்படியென்றால் அந்த இரண்டு இடமும்தான் முதலில் உடையும். அதிகம் ஓடுவது அவர்கள். கோல்கீப்பரும் சென்டர்-பேக்குகளும் செவ்வாய் ஆட்டத்தைத் தாங்குவார்கள். மழை, பனியால் ஏற்கெனவே எத்தனை ஆட்டம் தள்ளிப்போயிருக்கிறது? ஃபைனல் வார லீக் ஆட்டமும் நடுவாரத்துக்குப் போகும் என்பதால், ஏற்கெனவே இரண்டு பாக்கி இருந்தால் ஏப்ரல் முழுக்க சனி–செவ்வாய்–சனிதான். தள்ளிப்போகும் ஆட்டம் யாரோடு என்பதும் முக்கியம். கீழிறக்கத்தைத் தவிர்க்க உயிரைக் கொடுக்கும் அணியை ஏப்ரல் நடுவில் சந்திப்பதும் மார்ச்சில் சந்திப்பதும் ஒன்றல்ல.

இன்னொன்று பலர் கணக்கில் எடுப்பதில்லை: ஃபைனலுக்கு முந்தைய இரண்டு லீக் ஆட்டங்கள். வெம்ப்ளியைத் தவறவிடப் பயந்து இரு பக்கமும் பாய்ந்து மோதும் ஐம்பதுக்கு ஐம்பது பந்துகளில் வீரர்கள் காலை இழுத்துக்கொள்வார்கள். தோல்வி என்று வராது. உப்புச்சப்பில்லாத 0-0 என்று வரும்.

ஆகவே என் தேர்வு இதுதான். லீக் ஒன்னில் 2-3 எல்லையில், பின்னால் வருபவரோடு மூன்று புள்ளிக்குள் இருந்தால் லீக். காலிறுதியிலேயே போய்விட்டால் கண்ணீர் வேண்டாம். 4, 5-ல் வசதியாக இருந்தால் கோப்பை, தயங்காமல். 6 முதல் 8 வரை என்றால் ஸ்குவாட் ஆழத்தைப் பார்த்து. ஆழம் இல்லாவிட்டாலும் நான் கோப்பைப் பக்கமே சாய்வேன், எட்டில் ஒரு பங்கு வாய்ப்புக்காக இரண்டில் ஒன்றை விடுவது சரிவராத வியாபாரம். லீக் டூவில் அந்த எல்லை 3-4. அங்கே ஏறுவதால் வரும் காசு குறைவு என்பதால், நேரடி இடத்துக்கு அருகில் இருந்தாலும் நான் மதில்மேல் பூனைதான்.

பர்ஸ் விஷயம் தனி. 2018-ல் ஷ்ரூஸ்பரி ரசிகர்கள் ஏப்ரலில் லிங்கனிடம் 1-0, மே மாதக் கடைசியில் பிளே-ஆஃப் ஃபைனலில் ராதரமிடம் எக்ஸ்ட்ரா டைமில் 2-1 என்று ஏழு வாரத்தில் இரண்டு முறை வெம்ப்ளியில் தோற்றுத் திரும்பினார்கள். இரண்டு டிக்கெட், இரண்டு ரயில், இரண்டு நாள் லண்டன் விலையில் சாப்பாடு. பிளே-ஆஃப் டிக்கெட்டுக்கு அவகாசம் சில நாள்தான் இருக்கும். ஏப்ரலிலேயே எல்லாவற்றையும் கரைத்துவிட்டால் மே மாதம் டிவி முன்தான். டிக்கெட் விற்பனை பொதுவாக சீசன் டிக்கெட்காரர்கள், உறுப்பினர்கள், முன்பு வாங்கிய பதிவு உள்ளவர்கள் என்று இறங்கும். வெளியூர் ஆட்டங்களுக்குப் போய்ச் சேர்த்த டிக்கெட் புள்ளிகள் அங்கே உதவும். நவம்பர் செவ்வாய்க்கிழமை குரூப் ஆட்டத்துக்குப் போன பித்தர்களுக்குச் சில கிளப்புகள் முன்னுரிமை தருவதும் உண்டு.

ரயில் எப்போது? பிற்பகல் 2.30-க்குத் தொடங்கும் ஃபைனல் 2019 போல முழுத் தூரம் போனால்: 90 நிமிடம், 15 நிமிட இடைவேளை, கூடுதல் நேரம் எட்டு, எக்ஸ்ட்ரா டைம் 30, நடு இடைவேளைகள் ஏழு, பெனால்டி பன்னிரண்டு. ஏறக்குறைய 5.15. ஜெயித்தால் கோப்பை வழங்கல் அரை மணி. வெம்ப்ளி பார்க் நிலையத்து வரிசை முக்கால் மணி. மெட்ரோபாலிட்டன் லைனில் கிங்ஸ் கிராஸ் இருபது நிமிடம். 7.30-க்கு முன் ரயில் போட்டவர் ஒன்று தன் கேப்டன் கோப்பையைத் தூக்குவதைப் பார்க்க மாட்டார், அல்லது மாற்ற முடியாத டிக்கெட்டைக் கிழித்துப் போடுவார். ஞாயிற்றுக்கிழமை தண்டவாள வேலை நடக்கிறதா என்றும் முன்கூட்டியே பாருங்கள்; நடந்தால் பாதி வழி பஸ்தான்.

கடைசியாக, புறக்கணிப்பாளர்கள். 2016-17 முதல் பெரிய கிளப்புகளின் இளையோர் அணிகள் 16 இந்தக் கோப்பையில் நுழைந்துவிட்டதால், பல ரசிகர்கள் ஒரு சுற்றுக்கும் போவதில்லை. அவர்களுக்கு ஃபைனல் இன்னும் கடினமான கேள்வி. ஏழு ஆட்டம் வாசலில் நின்றவர் எட்டாவதுக்குப் போனால் எதிர்ப்பின் மதிப்பு போய்விடும் என்பது ஒரு தரப்பு. எதிர்ப்பு அமைப்பாளர்களோடு, என் ஊர்க்காரரோடு அல்ல என்பது மறுதரப்பு. போகாமல் இருப்பவரை மதிக்கிறேன். ஆனால் சண்டர்லாந்து 2021 மார்ச் 14-ல் இதே கோப்பையை டிரான்மியரை 1-0 வென்று எடுத்தபோது, கொரோனாவால் மைதானத்தில் ரசிகர் ஒருவர்கூட இல்லை. 1973-க்குப் பிறகு வெம்ப்ளியில் அந்தக் கிளப் பெற்ற முதல் வெற்றி அது. லிண்டன் கூச் கோலடித்தபின் ஓடிய பக்கத்தில் சிவப்பு நாற்காலிகள் மட்டுமே இருந்தன.